கழிப்பறை, சுற்றுச்சுவருக்கு அப்புறம் இதையும் பேசுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மாதாமாதம் கூடுகிறீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது, கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்று தீர்மானம் போட்டுச் செயலியில் ஏற்றுகிறீர்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற ஒரு பெண் பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டால், அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் கலைந்து கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் பேச்சு வருகிறது. "ஏதோ லவ்வாம்." "கட்டிக் குடுத்துட்டாங்களாம்." "பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்." கேட்டுக்கு வெளியே பேசுவதை உள்ளே உட்கார்ந்து பேசுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது சென்னைக்குத் தெற்கே மகள் வீட்டில் இருக்கிறேன். பெரும்பாக்கம், கண்ணகி நகர்ப் பக்கம் மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றில் பிள்ளைகளிடம் உடல்நலம் பற்றிப் பேசிவருகிறேன். மலையடிவாரக் கிராமத்துப் பிள்ளைகளையும் மாநகர விளிம்பில் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் காதலிலும் உடலுறவிலும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் போனுக்கும் சினிமாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவற்றைவிடப் பெரிய பங்கு, கேட்பதற்கு ஒரு பெரியவர் கூட இல்லாத நிலைக்குத்தான்.

முதலில் கிராமம், நகரம் என்ற பேச்சைத் தீர்த்துக்கொள்வோம். ஊரில் இருப்பவர்கள், "டவுனுக்குப் போனா பிள்ளைங்க கெட்டுடும்" என்கிறார்கள். சென்னையில் இருப்பவர்களோ, மகளிடம் ஏதாவது சந்தேகம் வந்தால் உடனே ஊருக்கு, பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே கட்டுப்பாடு இருக்கும் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 2006-07இல் மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தின. திருமணத்துக்கு முன் உடலுறவு கொண்டதாகச் சொன்னவர்கள் ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 4 சதவீதம். இப்படிச் சொன்னவர்கள் நகரத்தைவிடக் கிராமத்தில்தான் அதிகம்.

எனக்கு இதில் வியப்பே இல்லை. கிராமத்தில் பிள்ளைகள் படிப்பைச் சீக்கிரம் விடுகிறார்கள். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுகிறார்கள். வீட்டில் கண் மங்கிய பாட்டி இருப்பார். அத்தை மகன், மாமன் மகன் என்று "முறை" உள்ளவர்கள் தடையில்லாமல் வந்து போவார்கள். அது சொந்தம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காடு, மேடு, ஆடு மேய்க்கிற இடம் என்று யார் கண்ணிலும் படாத இடத்துக்கும் பஞ்சமில்லை. கட்டுப்பாடு என்று நாம் சொல்வது பெரும்பாலும் "யாரும் பார்த்துவிடக் கூடாது" என்ற பயம்தான். பார்க்காத வரைக்கும் அது வேலை செய்யாது.

நகரத்து நிலைமை வேறு. சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதிகளில் இருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட இடங்களில் அம்மா விடிவதற்குள் பழைய ஏரியாவில் வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், இருட்டிய பிறகுதான் திரும்புகிறார். அப்பாவுக்கும் வேலை தூரம். பழைய தெருவில் எதிர் வீட்டு ஆயா, கடைக்கார அண்ணன் என்று நாலு கண்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தன. புது இடத்தில் பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. வருடத்தின் நடுவே பள்ளி மாறியதால் படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு. அங்கே போன்தான் துணை. அதில் பழகியவன் முகம் தெரியாதவனாகவும் இருக்கலாம், மூன்றாம் மாடிக்காரனாகவும் இருக்கலாம்.

இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பது தனிமை. பிள்ளை ஒழுக்கமாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் இந்திய அளவில் நகரத்தில் 3.8 சதவீதம், கிராமத்தில் 7.9 சதவீதம். தமிழ்நாட்டில் மொத்தமாக 6.3. அதற்கு முந்தைய சுற்றில் நம் மாநிலத்தில் இது 5.0 ஆக இருந்தது. அதே காலத்தில், 18 வயதுக்குள் கல்யாணமானவர்களின் அளவு 16.3இல் இருந்து 12.8க்குக் குறைந்திருக்கிறது. இது 20 முதல் 24 வயதுப் பெண்களிடம் கேட்டு எடுத்த கணக்கு, அதனால் இரண்டையும் நேரடியாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆய்வின் ஒரு பகுதி கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் இவ்வளவு மருத்துவமனை, இவ்வளவு பள்ளிக்கூடம் உள்ள தமிழ்நாட்டில் இந்த எண் ஏறியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய வேதனை.

சரி, நம் பிள்ளைகளுக்கு நாம் என்னதான் சொல்லித் தருகிறோம்? மஞ்சள் நீராட்டு விழாவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு பெண் பிள்ளையிடம் அவள் உடம்பைப் பற்றி ஊர் பேசும் முதல் நாள் அது. தெருமுனையில் ஃபிளக்ஸ் வைக்கிறோம். பட்டுப்புடவை கட்டிய பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தையின் படம், கீழே மாமன்மார் பெயர்கள். தாய்மாமன் சீர் தட்டுகளோடு மேளம் வருகிறது. "மாமனுக்குப் பொண்ணு ரெடி" என்று பெரியவர்களே கேலி பேசுகிறார்கள். சொந்தங்கள் கூடுவதையோ சீர் செய்வதையோ நான் குறை சொல்லவில்லை, பல வீடுகளில் அது அன்போடு நடக்கிறது. ஆனால் உனக்கு மாதாமாதம் ஏன் ரத்தம் வருகிறது, இனிமேல் உனக்குக் கர்ப்பம் தரிக்க முடியும் என்றால் என்ன, யாராவது தொட்டால் நீ என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துச் சொன்னவர்கள் அந்தக் கூட்டத்தில் யார்? நான் கேட்டுப் பார்த்தவரை, "தீட்டு, சாமி ரூமுக்குப் போகாதே" என்பதைத் தாண்டி எதுவும் சொல்லப்பட்டிருக்காது. நீ கல்யாணத்துக்குத் தயார் என்ற ஒரே செய்திதான் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லப்பட்டிருக்கும். பதினைந்து வயதில் ஒருவன் வந்து "உன்னைக் கட்டிக்கிறேன்" என்றால் அவள் நம்புவதற்கு அன்றைக்கே நாம் பாதி வேலையைச் செய்து வைத்துவிட்டோம்.

ஆண் பிள்ளைக்கு அது கூட இல்லை. குரல் உடைகிறது, தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது, ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயப்படுகிறான். சுவரொட்டி ஒட்டுகிற போலி வைத்தியர்கள் அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அப்பாவிடம் கேட்க முடியாது. அண்ணன்மார் கூட்டத்தில் கேட்டால் சிரிப்பார்கள், அப்புறம் போனை நீட்டுவார்கள். அந்த வீடியோக்களில் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லி, அதை ஒருவன் கேட்டு நிறுத்துவதாக ஒரு காட்சி இருக்காது. வேண்டாம் என்றவளைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பவன்தான் நாயகன் என்று நம் சினிமாவும் நீண்ட காலம் காட்டிவிட்டது. நண்பர் வட்டத்தில் தன்னை ஆம்பளை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வேறு. ஒரு பெண்ணின் போட்டோவை வாங்கிக் குழுவில் காட்டுவது அந்த வயதில் அவனுக்கு வீரம். அது அவள் வாழ்க்கையை என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் ஆண் பிள்ளைகள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பையன்தானே என்று நாம் கவலைப்படாமல் விட்ட பிள்ளைகள் அவர்கள்.

பள்ளியிலாவது சொல்கிறார்களா? எட்டாம் வகுப்பு அறிவியலில் "வளரிளம் பருவமடைதல்" என்று ஒரு பாடமே இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள், அந்தப் பாடம் எப்படி நடந்தது என்று. எத்தனையோ பிள்ளைகள் எனக்குச் சொன்ன பதில், "வீட்ல படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க." நல்ல முறையில் நடத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மற்றவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. மறுநாள் எந்தப் பெற்றோர் வந்து சண்டை போடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. இனப்பெருக்க நலன் பற்றிய பாடம் பன்னிரண்டாம் வகுப்பில்தான் விரிவாக வருகிறது, அதுவும் உயிரியல் எடுத்தவர்களுக்கு மட்டும். வணிகவியல், கலைப் பிரிவு, தொழிற்பிரிவு பிள்ளைகளுக்கு உடம்பு இல்லையா? பத்தாவதோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு?

சொல்லிக்கொடுத்தால் செய்துபார்ப்பார்கள் என்ற பயம் இன்று வந்ததும் இல்லை, நம் ஊரில் மட்டும் உள்ளதும் இல்லை. 2005இல் மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. 2007 வாக்கில் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் எனப் பல மாநிலங்கள் அதைத் தடை செய்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றே அறிக்கை கொடுத்தது. ஆனால் உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நேர் எதிராகச் சொல்கிறது. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் உடலுறவைத் தொடங்குவது முந்துவதில்லை, பல இடங்களில் தள்ளிப்போகிறது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும், பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது தவறான எண்ணம் என்று தீர்ப்பிலேயே எழுதியது. சொல்லாமல் விட்டதால் யாரும் தள்ளிப்போட்டதாக என் வேலை அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

இனிச் சாதி. இதை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசினால் பொய்யாகிவிடும். ஒரு பதினாறு வயதுப் பெண்ணும் பதினெட்டு வயதுப் பையனும் பழகுகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த ஆளுங்க?" அவள் நலமாக இருக்கிறாளா, பயந்திருக்கிறாளா, கட்டாயப்படுத்தப்பட்டாளா என்பதெல்லாம் பிறகுதான் வரும், சில வீடுகளில் வரவே வராது. சொந்தத்துக்குள், சாதிக்குள் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கோயிலில் தாலி. வயது பற்றி யாரும் பேச மாட்டார்கள். வேறு சாதி என்றால் ஸ்டேஷன், அல்லது அதைவிட மோசமான ஒன்று. 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை அடுத்து எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியும் அருகில் இருந்த குடியிருப்புகளும் கொளுத்தப்பட்டதை நாடே பார்த்தது. அந்தப் புகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, காதலைப் பற்றி அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். மறைக்கப் பழகிய பிள்ளை, ஒருவன் மிரட்டும்போதும் மறைக்கிறாள், மாதவிடாய் தள்ளிப்போகும்போதும் மறைக்கிறாள்.

சட்டத்தைப் பற்றி உங்களில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 16 ஆக இருந்த சம்மத வயது 18 ஆனது. குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானதாகத் தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதும் குற்றம். குழந்தையைச் சீரழிக்கும் ஆசிரியர், உறவினர், அக்கம்பக்கத்தார், யாராக இருந்தாலும் இந்தச் சட்டம் முழு வலிமையோடு பாய வேண்டும். அதில் எனக்கு ஒரு துளி இரக்கமும் கிடையாது. அப்படிப்பட்டவரைக் காப்பாற்றக் கட்டப் பஞ்சாயத்து பேசுகிறவர்கள் மேலும் பாய வேண்டும்.

ஆனால் அதே சட்டம், சாதி பிடிக்காத காதலை முறிக்கும் கருவியாகவும் பயன்படுகிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. வளரிளம் பருவத்தில் ஒருவரையொருவர் விரும்பிப் பழகியவர்களைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமே அல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பில் சொன்னார். 2022 டிசம்பரில் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு, இப்படிப்பட்ட காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று காவல்துறைக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சம்மத வயதை 18இல் இருந்து குறைக்க வேண்டாம் என்றே 2023இல் சட்ட ஆணையம் சொல்லிவிட்டது, எனக்கும் குறைக்கச் சொல்லத் துணிவில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் "சம்மதம்" என்பது முப்பது வயதுக்காரனின் மிரட்டலாக இருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு வழக்கிலும் அந்தப் பெண் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். இன்று அவளைத் தவிர எல்லோரிடமும் கேட்கிறோம்.

இந்தப் பயம் கடைசியில் வந்து நிற்பது மருத்துவமனை வாசலில். பிக்மி நம்பர் என்கிற அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணை இங்கே ஒவ்வொரு கர்ப்பிணியும் வாங்க வேண்டும். பதிவு செய்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் தகவல் போகும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் 19 வயது ஆகியிருக்க வேண்டும். அதனால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், ஆதார் அட்டை தொலைந்துவிட்டது என்கிறார்கள், இல்லாவிட்டால் வரவே மாட்டார்கள். ஒருமுறை பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வயிற்று வலி என்று அம்மா அழைத்துவந்தார். மாத்திரை வாங்கிக்கொண்டு மில் வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தார். தொட்டுப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஏழு மாதத்துக்குக் குறையாது. ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தாள். அவள் முன்பே பயந்து, கூடப் படிக்கும் தோழியிடம் கேட்டிருக்கிறாள். தோழி போனில் பார்த்து, பப்பாளிக்காய் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பள்ளியில் இருந்து நடந்து போகும் தூரத்தில்தான் எங்கள் துணை சுகாதார நிலையம் இருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீங்க அம்மாகிட்ட சொல்லிடுவீங்க, போலீஸ்கிட்ட சொல்லிடுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள். நமது மாநிலத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை. வளர்ச்சி முடியாத இடுப்பு, ரத்தம் இல்லாத உடம்பு, பரிசோதனையே இல்லாத ஏழு மாதம். இதில் உயிர் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இந்த விஷயத்தில் உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: 18 வயதுக்குக் கீழே உள்ள பெண் கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குக் கொடுக்கும் தகவலில் மருத்துவர் அவள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை. மைனர் பெண்களுக்கு 24 வாரம் வரை சட்டம் இடம் தருகிறது. இது தெரியாமல்தான் பல அம்மாக்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போலி டாக்டரிடம் ஓடுகிறார்கள்.

அப்புறம் பள்ளி செய்கிற ஒரு காரியம். பிள்ளை யாருடனோ பழகுகிறாள் என்று தெரிந்தால், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அவள் கையில் டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பையன் அதே வகுப்பில் தொடர்ந்து படிப்பான். இதை உங்களால் தடுக்க முடியும், தடுக்க வேண்டியதும் நீங்கள்தான். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைப் படிப்புக்கான பணமாக மாற்றியது நல்ல முடிவு என்பேன். ஒரு டிசியால் அந்தப் பிள்ளை இதை இழக்கிறாள், கூடவே கல்யாணத்தைத் தள்ளிப்போட வீட்டில் சொல்வதற்கு இருந்த ஒரே காரணத்தையும் இழக்கிறாள். பள்ளிக்கூடம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2025 மார்ச்சில் கிருஷ்ணகிரி மாவட்ட மலைக்கிராமம் ஒன்றில், கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட 14 வயதுப் பெண் கதறக் கதறத் தூக்கிச் செல்லப்படும் வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏழாம் வகுப்புக்கு மேல் அவள் படிக்கவில்லை.  எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் தூரம் என்றால், அந்தத் தூரமும் பிள்ளை எந்த வயதில் படுக்கைக்குத் தள்ளப்படுகிறாள் என்பதைத் தீர்மானிக்கிறது. பஸ் கேட்டு நீங்கள் போடும் தீர்மானத்தை வெறும் பஸ் தீர்மானமாக நினைக்காதீர்கள்.

நான் கேட்பது பெரிய செலவு உள்ள காரியம் எதுவும் இல்லை. வளரிளம் பருவத்தினருக்கான தேசியச் சுகாதாரத் திட்டம் 2014இல் இருந்தே இருக்கிறது. அதில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தனி மையங்கள் அரசு மருத்துவமனைகளில் உண்டு. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்சி கொடுத்து உடல்நலத் தூதுவர்களாக்கும் திட்டம் 2020இல் வந்தது. உங்கள் பள்ளியில் அந்த இரண்டு பேர் யார், பயிற்சி முடித்தார்களா, கடைசியாக எப்போது வகுப்பு எடுத்தார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், "நாங்க பின்னால நிக்கிறோம், தைரியமா நடத்துங்க" என்று சொல்லிக் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பாடத்தை முழுசாக நடத்த வேண்டும் என்று நீங்களே தீர்மானம் போட்டால், எந்தப் பெற்றோர் வந்து கத்தினாலும் ஆசிரியருக்கு அது கவசம். நாப்கின் கொடுக்கும் நாளில் பையன்களை மைதானத்துக்கு விரட்டாதீர்கள். அவர்களையும் தனியாக உட்காரவைத்து ஒரு ஆண் ஆசிரியரோ மருத்துவ அலுவலரோ பேசட்டும். போட்டோ கேட்பது, மிரட்டுவது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது, இவை எல்லாம் அவர்களிடம்தான் அதிகம் பேசப்பட வேண்டும்.

"மாணவர் மனசு" பெட்டி உங்கள் பள்ளியில் இருக்கும். அதை யார் திறக்கிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, உள்ளே இருந்த சீட்டு என்ன ஆனது என்று விசாரியுங்கள். யாரைப் பற்றிப் புகாரோ அவரே திறக்கும் பெட்டியில் எந்தப் பிள்ளையும் எழுதிப் போடாது. குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர்களுக்கான உதவி எண் 14417 ஆகிய இரண்டும் சுவரில் இருக்கின்றனவா, பிள்ளைகள் நிற்கும் உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் ஆசிரியரும் உறுப்பினர் ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது திட்டுவதற்குப் போகாதீர்கள். விசேஷம் நடந்த வீட்டுக்குப் போவது போல ஒரு டீ குடித்துவிட்டு, "பிள்ளை எப்படி இருக்கா, நாங்க பார்க்கலாமா" என்று கேளுங்கள். அதிலேயே பாதிக் கல்யாணம் நின்றுவிடும். நானும் சக செவிலியர்களும் அப்படி நிறுத்தியிருக்கிறோம்.

குழுவில் உள்ள அம்மாக்களிடம் தனியாக ஒன்று. உங்களிடமும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, அது எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன அன்றுதான் தெரிந்துகொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருப்பது இயல்பு. அதனால் முதலில் உங்களுக்கே ஒரு கூட்டம் கேளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரையோ பெண் மருத்துவரையோ கூப்பிட்டு, ஆண்கள் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வாய் விட்டுக் கேளுங்கள். நீங்கள் கேட்கப் பழகிவிட்டால் உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்கும்.

அப்பாக்களுக்கும் அதே போல ஒன்று வையுங்கள். தினக்கூலியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கமோ, சென்னையில் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கமோ எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் அம்மாக்கள் கூட்டத்துக்கு நான் வருகிறேன். பஸ் செலவு கூட வேண்டாம். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்